கடற்காற்றில் அன்றாடம் ஓடும் ஜீப்புக்கு டயர் தேர்ந்தெடுக்கும் முறை

பெரிய டயர் வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன் ஒரு மாதம் தங்கள் வண்டி எந்தத் தரையில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதை ஒரு நோட்டில் எழுதிப் பார்க்க வேண்டும். நான் இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் வசிக்கிறேன். வேலைக்காக வாரத்தில் ஆறு நாள் இராமநாதபுரம் போய்த் திரும்புவதும், ஞாயிற்றுக்கிழமை கடலோரத் தென்னந்தோப்புக்கு மணல்பாதையில் போவதும் ஒரே மஹிந்திரா தார் ஜீப்பில்தான். அப்படி நான் எழுதிய கணக்கில் மாதத்துக்கு 1,100 கிலோமீட்டர் வந்தது. அதில் மணலும் சேறும் சேர்ந்து 60 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. மிச்சமெல்லாம் சூடேறிய தார்ச்சாலை. இந்தக் கணக்கை டயருக்கு முன்னால் போட்டிருந்தால் எனக்குக் கணிசமான பணம் மிஞ்சியிருக்கும்.

நம் கடலோரத்தில் ஒரு வண்டி சந்திக்கும் தரை நான்கு வகை. முதலாவது கிழக்குக் கடற்கரைச் சாலையும் இராமேசுவரம் நெடுஞ்சாலையும். இரண்டாவது தோப்புகளுக்கும் மீனவர் குடியிருப்புகளுக்கும் போகும் மணல்பாதை. தனுஷ்கோடிச் சாலையில் காற்று அள்ளிக் கொண்டுவந்து பரப்பும் மணலையும் இதில் சேர்க்கலாம். மூன்றாவது வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களை ஒட்டிய தரை, மேலே காய்ந்து வெடித்திருக்கும், அடியில் களி இருக்கும். நான்காவது கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது டயரின் பள்ளங்களை அப்பிக்கொண்டு சக்கரத்தை வழவழப்பான உருளையாக்கிவிடும். கரிசலுக்கும் களிக்கும், மேற்பரப்பில் பெரிய ரப்பர்க் கட்டைகள் கொண்ட எம்.டி. (சேற்றுக்கான) டயர் உதவும் என்பது உண்மை. ஆனால் உலர்ந்த மணலில் அதே கட்டைகள் மண்வெட்டியைப்போல் தோண்டிக்கொண்டு இறங்கும். தார்ச்சாலையில் அது போடும் இரைச்சல் நாள்தோறும் காதைத் துளைக்கும், மழை நனைத்த சாலையில் பிடிப்பும் குறைவு. சாலைக்கென்றே செய்யப்பட்ட எச்.டி. டயர் மணலில் மோசமில்லை, முள்ளுக்கும் கல்லுக்கும்தான் தாங்காது. எனவே அன்றாடம் ஓடும் வண்டிக்கு இரண்டுக்கும் நடுவிலுள்ள ஏ.டி. (எல்லாத் தரைக்குமான) டயரே இந்த மாவட்டத்துக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. மழைக்காலம் முழுவதும் கரிசல் காட்டுக்குள் போய்வர வேண்டியவர்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

வகையை முடிவு செய்த பிறகுதான் அளவுக்கு வர வேண்டும். டயரின் பக்கச்சுவரில் 245/75 ஆர் 16 என்று இருந்தால், 245 என்பது மில்லிமீட்டரில் அகலம், 75 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது, 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 245-இல் 75 சதவீதம் 183.75, மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர் என்பதால் 367.5, ரிம் 16 அங்குலம், அதாவது 406.4, ஆக மொத்த விட்டம் 774 மில்லிமீட்டர். இதே முறையில் 265/75 ஆர் 16 டயரைக் கணக்கிட்டால் 804 வருகிறது. முப்பது மில்லிமீட்டர் கூடினாலும் வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து உயர்வது அதில் பாதி, 15 மில்லிமீட்டர்தான், ஏனெனில் அச்சு டயரின் நடுவில் இருக்கிறது. ஒரு விரல் அகலம்கூட வராத இந்த உயரத்துக்காக, சுற்றளவு 3.9 சதவீதம் கூடிவிடுகிறது. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 83-இல் போகும். ஓடோமீட்டர் 1,000 காட்டும்போது உண்மையில் 1,039 கிலோமீட்டர் ஓடியிருக்கும். பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று வருந்துபவர்கள் முதலில் இந்த 3.9 சதவீதத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் விழுந்ததை மட்டும் இழப்பாகக் கொள்ள வேண்டும். கியர்களும் அதே விகிதத்தில் நீண்டுவிடுவதால் எஞ்சினின் இழுவை குறைந்ததுபோல் தோன்றும்; ஐந்தாம் கியரில் ஏறிய பாலத்தில் நான்காம் கியருக்கு இறங்க வேண்டிவரும்.

விட்டம் மூன்று சதவீதத்துக்குள் கூடினால் வண்டி தாங்கிக்கொள்ளும், நான்கைத் தொட்டால் ஒவ்வொன்றாகக் கணக்குக் கேட்கத் தொடங்கும். நான் 2022-இல் அதையெல்லாம் மீறி 285/75 ஆர் 16 எம்.டி. டயரை மாட்டினேன். விட்டம் 834 மில்லிமீட்டர், கூடுதல் ஏழே முக்கால் சதவீதம். அந்த அகலத்துக்கு ரிம் குறைந்தது ஏழரை அங்குலம் இருக்க வேண்டும் என்பதை விற்றவர் சொல்லவில்லை, எனக்கும் அப்போது தெரியாது. நிறுத்தி வைத்திருக்கும்போது வண்டி அழகாகத்தான் இருந்தது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் முன்சக்கரம் உட்பக்க பிளாஸ்டிக்கில் உரசும் சத்தம் வந்தது. பின்னால் நான்கு பேர் உட்கார்ந்தால் வேகத்தடையில் மேற்பக்கமும் இடித்தது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் மாலை ஏர்வாடிக்குப் போகும் வழியில் ஆட்டுமந்தை குறுக்கே வந்தபோது, வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி வண்டி போய் நின்றது. கடைசி ஆட்டுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. டயர் கனத்தால் பிரேக்குக்கு வேலை கூடும், விட்டம் பெருத்தாலும் கூடும் என்று படித்திருந்தேன். அன்றைக்குத்தான் என் பிரேக் பெடலின்மேல் இருந்த காலில் அதை உணர்ந்தேன். ஒன்பது மாதத்தில் பாதி விலைக்கு விற்றுவிட்டு, நிறுவனம் தந்த 245/75 அளவிலேயே ஏ.டி. டயர் போட்டுக்கொண்டேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

சட்டத்தின் நிலையும் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182-ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. காவலர் நிறுத்துவாரா மாட்டாரா என்பதைவிட, விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் நிறுவனம் இதைக் காட்டி இழப்பீட்டை மறுக்க இடமிருக்கிறது என்பதே நாம் அஞ்ச வேண்டியது. ஆகவே பாதுகாப்பான வழி, உங்கள் மாடலின் வேறு வகைகளில் தயாரிப்பாளரே தந்திருக்கும் அளவுகளைத் தேடுவது. அதற்கு வெளியே ஓர் அளவு வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தத் தேடலில் ஒரு நல்ல வழி புலப்படும். 2020-இல் வந்த தார் மாடலில் எல்.எக்ஸ். வகைக்கு 255/65 ஆர் 18 டயரும், ஏ.எக்ஸ். வகைக்கு 245/75 ஆர் 16 டயரும் தரப்பட்டன. முதலாவதன் பக்கச்சுவர் 166 மில்லிமீட்டர், இரண்டாவதன் பக்கச்சுவர் 184. மொத்த விட்டத்தில் 16 அங்குல ரிம் டயர் 15 மில்லிமீட்டர் சிறியது என்றாலும், காற்றைக் குறைத்ததும் வயிறு தளர்ந்து மணலில் படர அதற்குத்தான் இடம் இருக்கிறது. குழியில் இறங்கும்போது ரிம் அடிபடாமல் காப்பதும் அந்த உயரமே. எனவே 18 அங்குல ரிம் வைத்திருப்பவர் பெரிய டயர் தேடுவதைவிட, பிரேக் கேலிப்பரில் இடிக்கவில்லை என்று பொருத்திப் பார்த்துவிட்டு ரிம்மைச் சிறிதாக்குவது மேல். மாருதி ஜிம்னியில் 195/80 ஆர் 15 டயரே பக்கச்சுவர் 156 மில்லிமீட்டர் கொண்டது. அந்த எடைகுறைந்த வண்டிக்கு 215/75 ஆர் 15 போட்டால் விட்டம் ஒன்றரை சதவீதமே கூடும். 235/75 போட்டால் ஆறு சதவீதத்தை நெருங்கிவிடும்.

அளவு முடிவானதும் கடையில் டயரைத் திருப்பி மூன்று விஷயங்களைப் படிக்க வேண்டும். அளவுக்குப் பின்னால் 112 எஸ் என்பதுபோல் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் வரை பொறுக்கும். இரண்டும் பழைய டயரைவிடக் குறையக் கூடாது. அளவுக்கு முன்னால் எல்.டி. என்று இருந்தால் அது சுமை வண்டிக்கான கனத்த டயர். முள்ளுக்கும் கல்லுக்கும் நன்றாகத் தாங்கும், ஆனால் ஒவ்வொன்றும் சில கிலோ எடை கூடும், வெறும் வண்டியில் முதுகு வலிக்கும். மூன்றாவதாக நான்கு இலக்கங்கள் கொண்ட தயாரிப்புத் தேதி. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்து டயரின் தேதியையும் பாருங்கள். நான்கு புதிதாகவும் ஒன்று இரண்டு ஆண்டு பழசாகவும் தள்ளிவிடுவது நடக்கிறது.

முள்ளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த மாவட்டத்தில் டயரைக் கொல்வது கல்லைவிடச் சீமைக்கருவேல் முள்தான். பாதையோரத்தில் வெட்டிப் போட்ட கிளையின்மீது ஏறினால், விரல் நீள முள் கட்டைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய பகுதியில் நுழைந்து, தோலோடு ஒடிந்து நின்றுவிடும். அப்போது காற்று இறங்காது. நாலைந்து நாள் ஓட ஓட அந்த நுனி உள்ளே நகர்ந்து, ஒரு காலையில் டயர் பாதி அமுங்கி நிற்கும். தோப்பிலிருந்து திரும்பியதும் நான்கு டயரிலும் கையைத் தடவிப் பார்த்து, கறுப்பாகப் புள்ளி தெரிந்தால் நுனி ஒடியாதபடி மூக்குக் குறடால் நேராக இழுத்தெடுங்கள். உடனே அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரை விட்டுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தரையைத் தொடும் பகுதியில் ஓட்டை என்றால் ரப்பர் திரி செருகிக்கொண்டு வரலாம். பக்கச்சுவரில் ஓட்டை என்றால் எந்தப் பஞ்சர் கடையில் என்ன உறுதி சொன்னாலும் அந்த டயரை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது. டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் மூன்று அடுக்குத் துணி உள்ளதைத் தேடுவது இந்த ஒரு காரணத்துக்காகவே தகும்.

இப்போது காற்று. மணலில் வண்டியைத் தூக்கிப் பிடிப்பது டயரின் அகலத்தைவிட, காற்றைக் குறைத்ததும் நீளவாக்கில் படரும் அதன் அடித்தடம்தான். நிறுவனம் சொல்லும் காற்றளவு ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டிய சீட்டில் இருக்கும். பெரும்பாலும் 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) அளவை ஒட்டி. மணல்பாதையின் தொடக்கத்தில் வண்டியை நிறுத்தி, நான்கையும் 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். பக்கச்சுவர் தரையை ஒட்டி மெல்லப் பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். ஃபோர் வீலை (நான்கு சக்கர இழுவையை) லோவில் போட்டு, இரண்டாம் கியரில் எடுத்து, நின்றுநின்று போகாமல் ஒரே சீராகப் போக வேண்டும். சக்கரம் சுழலத் தொடங்கினால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். காலை எடுத்து, வந்த தடத்திலேயே பின்னால் வந்து, இன்னும் இரண்டு பி.எஸ்.ஐ. குறைத்து மறுபடி முயலுங்கள். சாதாரண ரிம்மில் 15-க்குக் கீழே இறக்கினால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். காற்று குறைந்த டயரில் வேகம் முப்பதைத் தாண்டாமலும் ஸ்டியரிங்கை வெடுக்கென ஒடிக்காமலும் ஓட்ட வேண்டும். காலையில் பனியீரம் இருக்கும்போது இறுகியிருக்கும் அதே மணல் மத்தியானம் உதிர்ந்து மாவாகிவிடும் என்பதால், முடிந்தவரை பத்து மணிக்குள் போய்த் திரும்பிவிடுவது நல்லது.

தார்ச்சாலை ஏறுமுன் காற்றைத் திரும்ப ஏற்றியே ஆக வேண்டும். 18 பி.எஸ்.ஐ.யில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் உச்சிவெயிலில் ஓடும் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, உள்ளே துணி பிரிந்து, வெடித்துவிடும். பெட்ரோல் பங்க் வரை மெல்லப் போய்விடலாம் என்று நினைப்பவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். எனவே எந்த அலங்காரத்துக்கும் முன் வாங்க வேண்டியது, பேட்டரி முனைகளில் நேராக மாட்டும் 12 வோல்ட் கம்பிரசரும் ஒரு நல்ல காற்றளவு மீட்டரும். சிகரெட் லைட்டரில் செருகும் சிறு கருவி நான்காவது டயருக்குள் சூடாகி நின்றுவிடும். ஓடிச் சூடான டயரில் காற்று கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்து இறக்கிவிடாதீர்கள். காலையில் வண்டி எடுக்கும் முன் பார்ப்பதே சரியான அளவு.

மணல்பாதை என்று நான் சொல்வது ஊரார் நடந்தும் வண்டியோட்டியும் பழகிய பாதையை மட்டுமே. அலை மோதும் கரையில் ஓட்டக் கூடாது. தை முதல் பங்குனி வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. டயர்த்தடம் முட்டைக் குழியை அமுக்கிவிடும், பொரிந்து வரும் குஞ்சு அந்தப் பள்ளத்தில் சிக்கிக் கடலை அடையாமல் போகும். வண்டிக்கும் அது நாசம்.

அந்த நாசத்தின் பெயர் உப்பு. உலோக அரிப்பை ஆராயக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் ஒரு கிளை நிலையம் வைத்திருக்கிறது என்பதிலிருந்தே நம் காற்றின் தன்மையைப் புரிந்துகொள்ளலாம். கடலுக்குள் இறங்காத வண்டியையும் இந்தக் காற்று தின்னும். ஆகவே இரண்டாவது பெரிய செலவு அடிப்பகுதிப் பாதுகாப்பாக இருக்க வேண்டும். ரப்பர்போல் இறுகும் பூச்சு ஓரிடத்தில் வெடித்தால், அதற்குள் உப்புத் தண்ணீர் புகுந்து வெளியே தெரியாமல் அரிக்கும். மெழுகு அல்லது எண்ணெய் சார்ந்த பூச்சு இறுகாமல் படர்ந்து மூடும். ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். மழைக்காலம் தொடங்கும் முன், துருவைச் சுரண்டி நன்றாக உலர்ந்த பிறகு அடிப்பது முறை.

கழுவுவதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மணலில் போய்வந்தால் அடிப்பகுதியைத் தண்ணீரால் அடித்துக் கழுவு என்று எல்லாரும் சொல்வார்கள். நம் போர்வெல் தண்ணீரே பல இடங்களில் உப்பு. அதில் கழுவிவிட்டு வெயிலில் நிறுத்தினால், சேசிஸின் இடுக்குகளில் வெள்ளையாகப் பூத்திருப்பதை டார்ச் அடித்துப் பார்க்கலாம். போர்வெல் தண்ணீரில் கழுவுவதைத் தவிர்க்க முடியாது என்றால், கடைசியாக இரண்டு குடம் ஊருணித் தண்ணீரையோ சேர்த்துவைத்த மழைத் தண்ணீரையோ பம்பில் நிரப்பி, சக்கர வளைவுகளின் உட்புறத்திலும் ஸ்பிரிங் அமரும் கிண்ணங்களிலும் பிரேக் குழாய்கள் போகும் வழியிலும் பீய்ச்சி அலசுங்கள். குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் ஊரில் அதற்கு மேல் செலவழிப்பது நியாயமில்லை, தேவையும் இல்லை. எஞ்சினுக்கு அடியில் இரும்புத் தகடு மாட்டியிருப்பவர்கள் அதில் வடிகால் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஈர மணல் அங்கே மாதக்கணக்கில் தங்கி, காப்பதாகச் சொல்லி அரித்துவிடும். அலாய் ரிம்மில் டயர் அமரும் விளிம்பு உப்பில் பொரிந்தால் எந்த முள்ளும் இல்லாமலே காற்று கசியும். டயரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பைத் துலக்கித் தரும்படி கேளுங்கள்.

மற்ற மாற்றங்களில் பெரும்பாலானவற்றை விட்டுவிடலாம். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், நிறுவன அளவு டயருக்குத் தேவையே இல்லை. முன்பக்க இரும்புக் காப்புக் கம்பியை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர்கள் பேரிங்கைத் தேய்க்கும். கூரையில் கேரியர் மாட்ட உடம்பில் துளை போட்டால் அந்தத் துளையில்தான் முதல் துரு தொடங்கும்; அதில் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஆடிக் காற்றில் பாம்பன் பாலத்தில் போனவர்களுக்கு, பக்கவாட்டில் வண்டி தள்ளப்படும்போது ஸ்டியரிங்கைப் பிடித்த கை எப்படி இறுகும் என்பது தெரியும். வாங்க வேண்டியவை இழுவைக் கயிறு, சேசிஸோடு இணைந்த கொக்கி, சிறு மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் போட இரண்டு மணல் பலகை. பலகைக்குப் பதிலாகப் பனைமட்டையை அடுக்கியும் நான் வெளியேறியிருக்கிறேன். கருக்கைச் சீவிவிட்டுப் போட வேண்டும், இல்லையென்றால் டயரின் பக்கச்சுவரைக் கீறிவிடும்.

டயர் மாட்டும் நாளில் அவசரப்படாதீர்கள். அளவு சிறிதளவு மாறியிருந்தாலும் ஒரு முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்து, எங்கேயும் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருப்பதை உறுதி செய்யுங்கள். அலைன்மென்ட்டும் பாலன்சிங்கும் அன்றே முடித்துவிட வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். எல்.டி. டயர் போட்டவர்களுக்குக் கதவுச் சீட்டிலுள்ள காற்றளவு அப்படியே பொருந்தாது. அதற்குச் சுண்ணக்கட்டியால் டயரின் குறுக்கே தடிமனாக ஒரு கோடு போட்டு, நேரான சாலையில் சில நூறு மீட்டர் ஓட்டிப் பாருங்கள்: நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு, ஒரே சீராக அழியும் அளவே உங்கள் வண்டிக்கான அளவு. செல்பேசியின் ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தையும் ஸ்பீடோமீட்டரையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெப்னியும் அதே அளவாகவே இருக்க வேண்டும். விட்டம் மாறிய ஒரு சக்கரத்தோடு ஃபோர் வீலைப் போட்டால் கியர்பெட்டிக்குள் முறுக்கு ஏறிப் பற்கள் சேதமாகும். பின்கதவில் தொங்கும் அந்த ஐந்தாவது டயர் ஓடாமலே வெயிலிலும் உப்பிலும் வெடிப்பு விடுவதால், 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்தையும் சுழற்சியில் மாற்றுங்கள். மாற்றும்போது ஹப்பின் நடுவட்டத்தில் மட்டும் மெல்லிசாகக் கிரீஸ் தடவிவிட்டால், அடுத்த முறை ரிம் ஒட்டிக்கொள்ளாமல் கையோடு வரும்.